புரதத்தின் முகவரி: விடைத்தாளில் வழுக்கும் இடங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மேல்நிலை மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கும் எனக்கு, செல்லுக்குள் புரதங்கள் தத்தம் இடம் போய்ச் சேரும் விதத்தைப் பற்றிக் கேட்டால் விடைத்தாளில் என்ன வரும் என்பது ஏறத்தாழ மனப்பாடம். சென்ற தேர்வில் ஒரு மாணவி, புரதத்தைக் கட்டும் ரைபோசோமுக்கு அருகே ஓர் அஞ்சல் பையை வரைந்து, அதிலிருந்து எட்டிப் பார்க்கும் உறையின் மேல் 'உட்கரு, கடலூர் 607001' என்று எழுதியிருந்தாள். படம் அழகாகத்தான் இருந்தது, மதிப்பெண்தான் குறைந்தது. புரதம் ஒரு கடிதம், அதன் மேல் பின்கோடு இருக்கிறது, செல் அதைப் பார்த்துப் பிரித்து அனுப்புகிறது என்று பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நானே என்பதால், அந்தப் பிழையில் பாதி என்னுடையது.

அந்த உவமை முதலில் சறுக்குவது நேரக் கணக்கில். கடிதம் எழுதி முடித்து உறையை ஒட்டிய பிறகே பெட்டியில் விழும். செல்லைவிட்டு வெளியேற வேண்டிய புரதமோ பெரும்பாலும் பாதி உருவாகும்போதே வழி திருப்பப்பட்டுவிடுகிறது. ரைபோசோமிலிருந்து தலைகாட்டும் புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்களில் முதல் 15 முதல் 30க்குள் நீரை வெறுக்கும் பகுதி ஒன்று இருந்தால், ஆறு புரதங்களும் ஓர் ஆர்.என்.ஏ.வும் சேர்ந்த எஸ்.ஆர்.பி. என்னும் துகள் அதைப் பற்றிக்கொள்ள, சங்கிலி வளரும் வேகம் தணிந்து, ரைபோசோமே செல்லுக்குள் பரவியிருக்கும் எண்டோபிளாச வலையின் சவ்வுக்கு இழுத்துச் செல்லப்பட, அங்குள்ள துளை வழியாகச் சங்கிலி வளர வளர உள்ளே நுழைகிறது. 110 அமினோ அமிலங்களாகக் கட்டப்படும் இன்சுலினின் முன்வடிவம், அதன் முகப்பிலுள்ள 24ஐ இந்த நுழைவாயிலிலேயே இழந்துவிடுகிறது. புரதத்தின் முகப்பிலேயே வழிகாட்டும் அடையாளம் இருக்கிறது என்பதை 1971இல் ஊகமாக முன்வைத்தவர்கள் குந்தர் புளோபெலும் டேவிட் சபாட்டினியும். பின்னர் சோதனைகளால் அதை நிறுவிய புளோபெலுக்கு 1999இல் நோபல் பரிசு கிடைத்தது.

இது பிடிபட்டால், தனித்திரியும் ரைபோசோம்களும் சவ்வில் ஒட்டிய ரைபோசோம்களும் இரு வேறு இனங்கள் என்று எழுதும் பிழையும் தானே உதிர்ந்துவிடும். இரண்டும் ஒன்றே, அந்த வேளையில் எந்தச் சங்கிலியைக் கட்டிக்கொண்டிருக்கிறது என்பதே ரைபோசோமின் இடத்தைத் தீர்மானிக்கிறது.

முகவரி எப்போதும் சங்கிலியின் முன்முனையில் இருக்கும், வேலை முடிந்ததும் வெட்டப்படும் என்பது அடுத்த பிழை. உட்கருவுக்கான அடையாளம் லைசின், அர்ஜினின் என்னும் அமினோ அமிலங்கள் மிகுந்த சிறு வரிசை. அது சங்கிலியின் நடுவிலும் இருக்கலாம், வெட்டப்படுவதும் இல்லை. நம் செல்கள் பிரியும்போது உட்கரு உறை கலைந்து உள்ளிருந்த புரதங்கள் வெளியே சிதறுவதால், மறுபடி உள்ளே வர அதே அடையாளம் தேவைப்படுகிறது. செல்லின் கழிவைச் செரிக்கும் லைசோசோம் என்னும் பையின் நொதிகளுக்கோ அடையாளம் அமினோ அமிலமே அல்ல, கோல்கை உறுப்பில் பாஸ்பேட் ஏற்றப்பட்ட மானோஸ் என்னும் சர்க்கரை. அடையாளமற்ற புரதம் அழிந்துவிடும் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சைட்டோபிளாசத்திலேயே தங்கி வேலை பார்க்கும், அவ்வளவே.

மாணவர்கள் அறவே கவனிக்காதது, நுழையும்போது புரதம் எந்த வடிவில் இருக்கிறது என்பதைத்தான். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் புரதம் மடிப்புக் குலைந்து நூல்போல நுழைய வேண்டும். பெராக்ஸிசோம் என்னும் சிறு நொதிப் பையோ முழுதும் மடிந்த புரதத்தையும், ஏன், இரண்டு கூறுகள் இணைந்த புரதத்தையும்கூட ஏற்றுக்கொள்ளும். அதற்கான அடையாளம் பெரும்பாலும் சங்கிலியின் கடைசி மூன்று அமினோ அமிலங்களில் இருக்கிறது.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை நம் கல்லீரலின் ஏ.ஜி.டி. என்ற நொதியில் பார்க்கலாம். அது பெராக்ஸிசோமில் இருந்துகொண்டு கிளையாக்ஸிலேட் என்னும் வேதிப்பொருளைக் கிளைசின் என்ற அமினோ அமிலமாக மாற்றுவது. சிலருக்கு அதன் 11ஆம் இடத்தில் புரோலினுக்குப் பதில் லியூசின் வந்து, முன்முனையில் மைட்டோகாண்ட்ரியாவுக்கான வலுவற்ற அடையாளம் ஒன்று உருவாகிவிடுகிறது. அதனால் மட்டும் பெருங்கேடு இல்லை. நொதி விரைந்து மடிந்து இணைந்துவிடுவதால் பெரும்பகுதியை மைட்டோகாண்ட்ரியாவால் உள்ளிழுக்க முடியாது. கூடவே 170ஆம் இடத்தில் கிளைசின் அர்ஜினினாக மாறியிருந்தால் மடிந்து இணைவது தாமதப்பட, நொதியின் பெரும்பகுதி மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய்விடுகிறது. திருப்பாதிரிப்புலியூரில் இறங்க வேண்டியவர் கண்ணயர்ந்து கடலூர் துறைமுகச் சந்திப்புவரை போய்விட்டால் ஆட்டோ பிடித்துத் திரும்பிவிடலாம். உள்ளே போன இந்த நொதிக்குத் திரும்பும் வழி இல்லை. பெராக்ஸிசோமில் அதற்காகக் காத்திருந்த கிளையாக்ஸிலேட் ஆக்ஸலேட்டாக மாறி, கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் கல்லாகப் படிகிறது. இத்தனைக்கும் அந்த நொதி வேலை செய்யும் திறனை இழக்கவில்லை. அதன் கடைசி மூன்று எழுத்துகளில், பெராக்ஸிசோமின் முகவரி சிறிதும் மாறாமல் அப்படியே இருக்கிறது.