ஜிஎம் ஆக கதை எழுத வேணாம், ஒரு சிக்கல் போதும்

டேபிள்டாப் ஆர்பிஜி, அதாவது டேபிளைச் சுத்தி உக்காந்து ஆளுக்கு ஒரு கேரக்டரா பேசி கதையை நகத்தற ஆட்டம், ஆடணும்னு ஆசைப்படற நிறைய குரூப் ஒரே எடத்துல தான் மாட்டிக்கிது. ஆள் இருக்கு, டைஸ் வாங்கியாச்சு, ஆனா யாரு ஜிஎம் (கேம் மாஸ்டர், ஆட்டத்தை நடத்தறவர்) பண்றதுன்னு கேட்டா எல்லாரும் அடுத்தவன் மூஞ்சிய பாக்கறாங்க. ஜிஎம்னா பெரிய கதாசிரியரா இருக்கணும், ரூல்புக் முழுக்க மனப்பாடமா தெரியணும், பத்து குரல்ல பேசணும்னு ஒரு நெனப்பு. மூணுமே தேவையில்ல. ஒரு நல்ல சிக்கலை யோசிச்சு வச்சுட்டு, "இப்ப என்ன பண்றீங்க?"ன்னு கேட்டு, பதிலை காது குடுத்து கேக்கத் தெரிஞ்சா முக்கால்வாசி வேலை முடிஞ்சுது.

ஆட்டமே அதுதான். ஜிஎம் நிலைமைய சொல்வாரு, மத்தவங்க ஆளுக்கு ஒரு கேரக்டரா இருந்து என்ன செய்றாங்கன்னு சொல்வாங்க, விளைவு தெளிவா தெரிஞ்சா ஜிஎம் அப்படியே சொல்லிடுவாரு, தெரியலன்னா டைஸ் உருட்டி பாப்பாங்க, அதுல வர்ற முடிவால நிலைமை மாறும், மறுபடி முதல்லேர்ந்து. 1974ல டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தப்ப இருந்து இன்னிக்கு வரைக்கும் இந்த சுத்து பெருசா மாறல, டைஸை எப்ப எப்படி உருட்டறதுங்கறதுல தான் ஒவ்வொரு சிஸ்டமும் வேற வேற.

எந்த சிஸ்டம்ல ஆரம்பிக்கறதுன்னு கேட்டா எல்லாரும் கண்ணை மூடிட்டு டி அண்ட் டி-ம்பாங்க, அதாவது அந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஆள் கெடைக்கறது சுலபம், ஆன்லைன்ல எந்த சந்தேகத்துக்கும் பதில் இருக்கும், அதெல்லாம் சரிதான். அஞ்சாவது எடிஷனோட அடிப்படை ரூல்ஸ், எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியில கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்ல வந்துடுச்சு, அதனால காசு குடுக்காமலே படிக்கலாம். ஆனா முதல் தடவை ஜிஎம் பண்றவங்களுக்கு என் சிபாரிசு அது இல்ல. லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்னு ஒண்ணு இருக்கு, மொத்த ரூலும் ஒரே பக்கம், இலவசம், சாதா ஆறு பக்க டைஸ் போதும், விண்வெளிக் கப்பல் கதை, ஒரு சாயங்காலத்துல முடிஞ்சுரும். திகில், துப்பறியற மாதிரி பிடிச்சவங்களுக்கு கால் ஆஃப் கதுலு, அதுல உங்க திறமை 60ன்னா நூறுக்கு உருட்டி 60ஓ அதுக்கு கீழயோ வந்தா வெற்றி, இதை விட சுலபமா புதுசா வர்றவங்களுக்கு விளக்கவே முடியாது. டி அண்ட் டி-யே தான் வேணும்னு குரூப் அடம் பிடிச்சா முதல் லெவல்ல ஆரம்பிங்க, ரெடிமேட் கேரக்டர் ஷீட்டை (கேரக்டரோட திறமை எல்லாம் எழுதின தாள்) கையில குடுங்க. முதல் நாளே எல்லாரும் உக்காந்து கேரக்டர் உருவாக்க ஆரம்பிச்சா அந்த சாயங்காலம் அதுலயே போயிரும்.

ஆளுங்க மூணுலேர்ந்து அஞ்சு, ஜிஎம் தனி. ஆறாவது ஆள் வந்தாலே சண்டையில தன்னோட டர்ன் வர்ற வரைக்கும் ஒவ்வொருத்தரும் அவ்ளோ நேரம் சும்மா இருக்கணும், போனை எடுத்துருவாங்க, அப்புறம் டர்ன் வரும்போது "என்ன நடக்குது?"ன்னு கேப்பாங்க. முதல்ல கேம்பெயின் (பல நாள் தொடர்ந்து ஆடற கதை) ஆரம்பிக்காதீங்க, ஒன்-ஷாட் (ஒரே தடவையில முடியற கதை) ஒண்ணு ஆடிப் பாருங்க, மூணு நாலு மணி நேரம். அது பிடிச்சிருந்தா தொடருங்க. தொடர்றதுன்னு ஆயிட்டா ஒரே கிழமை, ஒரே நேரம்னு ஃபிக்ஸ் பண்ணிடுங்க, ஒருத்தர் வரலன்னாலும் ஆட்டம் நடக்கும், ரெண்டு பேர் வரலன்னா தான் கேன்சல்னு முன்னாடியே சொல்லிடுங்க. வாரா வாரம் எல்லாருக்கும் எப்ப தோதுன்னு குரூப்ல கேட்டுட்டு இருந்தா கேம்பெயின் டிராகன் கையால சாகாது, காலண்டர் கையால தான் சாகும்.

ஆட்டத்துக்கு முன்னாடி செஷன் ஸீரோன்னு ஒண்ணு வைப்பாங்க, ஒன்-ஷாட்னா பத்து நிமிஷம் போதும். காமெடியா போகுமா சீரியஸா போகுமா, கேரக்டர் சாகலாமா, ஒருத்தர் கேரக்டர் இன்னொருத்தர் கிட்ட திருடலாமா (கூடாதுன்னே வச்சுக்கங்க, முதல் ஆட்டத்துல நிச்சயமா கூடாது), எந்த விஷயம் வரவே கூடாது, எது வந்தாலும் காட்சியா காட்டாம தாண்டிப் போயிடணும்னு அப்ப பேசி வச்சுக்கணும். கடைசி ரெண்டுக்கும் லைன்ஸ், வெயில்ஸ்னு பேரு. ஜான் ஸ்டாவ்ரோபோலோஸ் கொண்டு வந்த எக்ஸ்-கார்டும் வச்சுக்கலாம், டேபிள் நடுவுல ஒரு சீட்டு, யாருக்காவது ஒரு விஷயம் ஒத்துக்கலன்னா அதைத் தொடுவாங்க, அந்த விஷயத்தை விட்டுட்டு நகர்ந்துரணும், ஏன்னு கேக்கக் கூடாது. அறிமுகம் இல்லாதவங்களோட ஆன்லைன்ல ஆடும்போது இது ரொம்பவே முக்கியம், அங்க முகம் பாத்து கண்டுபிடிக்க வழியில்ல, சாட்ல எக்ஸ்னு ஒரு எழுத்து போட்டா போதும்னு சொல்லி வச்சுடுங்க.

இப்ப ப்ரெப், அதாவது ஆட்டத்துக்கு முன்னாடி ஜிஎம் பண்ற தயாரிப்பு. இங்க தான் புது ஜிஎம் எல்லாம் சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கறாங்க. முதல்ல இவங்க சத்திரத்துக்கு வருவாங்க, அங்க கிழவர் கிட்ட பேசுவாங்க, அவர் மேப் குடுப்பாரு, அப்புறம் குகைக்கு போவாங்கன்னு திரைக்கதை மாதிரி எழுதி வச்சா, வந்த பத்தாவது நிமிஷத்துல பிளேயர்ஸ் கிழவரை ஒற்றன்னு நெனச்சு கட்டிப் போட்டுருவாங்க, எழுதின பதினஞ்சு பக்கமும் குப்பைக்கு. நடக்கப் போறதை எழுதாதீங்க, இருக்கறதை எழுதுங்க.

ஒரு உதாரணம். கடலோர ஊர் ஒண்ணு, அங்க கலங்கரை விளக்கம் மூணு ராத்திரியா எரியல, ஒரு கப்பல் பாறையில மோதிடுச்சு. விளக்கைப் பாத்துக்கற மாயன் வேணும்னே தான் அணைச்சிருக்காரு, ஏன்னா கப்பல் கொள்ளைக்காரங்க அவர் பொண்ணை பிடிச்சு வச்சிருக்காங்க. நாளைக்கு ராத்திரி பெரிய சரக்குக் கப்பல் ஒண்ணு அந்தப் பக்கமா வருது. அவ்ளோதான் கதை. இனிமே எழுத வேண்டியது: யாருக்கு என்ன வேணும் (மாயனுக்கு பொண்ணு திரும்பி வரணும், கொள்ளைக்கார தலைவிக்கு நாளைக்கு கப்பல் வேணும், ஊர்த் தலைவருக்கு விஷயம் வெளிய போகக் கூடாது), பிளேயர்ஸ் எதுவுமே செய்யலன்னா எத்தனை மணிக்கு என்ன நடக்கும், முக்கியமான மூணு எடம், அப்புறம் திடீர்னு வர்ற ஊர்க்காரங்களுக்கு வைக்க சும்மா ஒரு பத்து பெயர். பேர் லிஸ்ட்டை லேசா எடுத்துக்காதீங்க, திடீர்னு மீன்காரர் கிட்ட பேசணும்பாங்க, நீங்க யோசிச்சு முழிச்சீங்கன்னா அவர் முக்கியமான ஆள் இல்லன்னு அந்த செகண்டே தெரிஞ்சுரும்.

பிளேயர்ஸ் கண்டுபிடிச்சே ஆகணும்னு ஒரு விஷயம் இருந்தா அதுக்கு குறைஞ்சது மூணு துப்பு வைங்க. மாயன் தான் அணைச்சாருங்கறதுக்கு: எண்ணெய்ப் பீப்பா நிறைய இருக்கு, படிக்கட்டு தூசியில அவர் காலடி மட்டும் தான், பொண்ணு எங்கன்னு கேட்டா ஒவ்வொருத்தர் கிட்ட ஒவ்வொரு பதில் சொல்றாரு. முதல் துப்பை பாக்காம போவாங்க, ரெண்டாவதை தப்பா புரிஞ்சுப்பாங்க, மூணாவது கை குடுக்கும். முக்கியமான துப்பை ரோலுக்குப் (டைஸ் உருட்டறது) பின்னாடி ஒளிச்சு வைக்கவே வைக்காதீங்க, டைஸ் சொதப்பலா விழுந்தா கதை அங்கயே நின்னுரும். தேடினா கெடைக்கணும். ரோல் வச்சா, நல்லா விழுந்தா கூடுதலா ஒண்ணு தெரியும்னு வைங்க.

டேபிள்ல அது எப்படி போகும்னு பாருங்க, முதல்ல பேசறது பிளேயர், பதில் சொல்றது ஜிஎம்.

"மேல விளக்கு ரூமுக்கு போறேன்."
"கதவு பூட்டியிருக்கு. கீழ மாயன் யார் கிட்டயோ பேசற சத்தம் கேக்குது. என்ன பண்றீங்க?"
"பூட்டை திறக்க பாக்கறேன்."
"திறக்கறது பெரிய விஷயமில்ல, உங்க கிட்ட கருவி இருக்கு. அவர் வர்றதுக்குள்ள திறக்க முடியுமாங்கறது தான் கேள்வி. உருட்டுங்க."
"எட்டு."
"திறந்துருச்சு. ஆனா உள்ள காலை வைக்கும்போது பின்னாடி படியில விளக்கு வெளிச்சம் வருது. மாயன். கையில கோடாலி, கை நடுங்குது."

எட்டுங்கறது தோல்வி தான், ஆனா "திறக்கல"ன்னு சொல்லியிருந்தா என்ன ஆகும், இன்னொருத்தர் நான் உருட்டறேன்பாரு, அப்புறம் இன்னொருத்தர், கடைசியில யாருக்காவது விழும், அஞ்சு நிமிஷம் போச்சு, நடந்தது ஒண்ணுமில்ல. தோத்தாலும் ஜெயிச்சாலும் நிலைமை மாறணும். மாறாதுன்னா டைஸே வேணாம், நடந்துச்சுன்னு சொல்லிட்டு அடுத்ததுக்கு போங்க.

கொஞ்சம் கணக்கும் தெரிஞ்சு வச்சுக்கறது நல்லது. டி அண்ட் டி-யில நடுத்தரமான வேலைக்கு டிசி (ஜெயிக்க எட்ட வேண்டிய எண்) 15. +5 இருக்கற (உருட்டினதோட 5 கூட்டிக்கற) கேரக்டர் டி20ல, அதாவது இருபது பக்க டைஸ்ல, 10ஓ அதுக்கு மேலயோ போடணும், அதாவது 55 சதவீதம். அட்வான்டேஜ் குடுத்தா, ரெண்டு டைஸ் உருட்டி பெருசை எடுக்கறதால, கிட்டத்தட்ட 80. சரி, நாலு பேரும் சத்தமில்லாம காவலாளிய தாண்டணும், ஒவ்வொருத்தருக்கும் 55, நாலு பேருமே ஜெயிச்சாகணும்னு வச்சா? 9 சதவீதம் தான். ஒளிஞ்சு போற பிளான் எல்லாம் எப்பவும் ஏன் சண்டையில முடியுதுன்னு இப்ப புரியுதா. இதுக்கு தான் குரூப் செக்குன்னு ஒரு ரூல், பாதிப் பேர் ஜெயிச்சா எல்லாரும் ஜெயிச்ச மாதிரி, அதே நாலு பேருக்கு 76 சதவீதம் ஆயிடும். நெறைய ஜிஎம் இதை மறந்துட்டு பிளேயர்ஸை குறை சொல்லிட்டு இருப்பாங்க.

சண்டை வந்தா ஒருத்தர் டர்ன் ஆடும்போதே "அடுத்து நீங்க, யோசிச்சு வைங்க"ன்னு சொல்லிடுங்க, இது ஒண்ணே பாதி நேரத்தை மிச்சம் பண்ணும். எதிரிங்க கடைசி ஹிட் பாயிண்ட் (உயிர்க் கணக்கு) வரைக்கும் நின்னு சாகணும்னு எந்த ரூலும் இல்ல, பாதிப் பேர் விழுந்தா மீதிப் பேர் ஓடலாம், கையைத் தூக்கலாம், பேரம் பேசலாம். ரூல்ல சந்தேகம் வந்தா ஒரு நிமிஷம் தேடுங்க, கெடைக்கலன்னா இன்னிக்கு இப்படின்னு ஒரு முடிவு சொல்லிட்டு போங்க, புத்தகத்தை அப்புறம் பாத்துக்கலாம்.

அமைதியா இருக்கற பிளேயர் கிட்ட "நீங்க எதாவது பண்றீங்களா?"ன்னு கேட்டா "இல்ல பரவால்ல"ன்னு தான் வரும். அதை விட "நீங்க ஜன்னல் பக்கம் நிக்கறீங்க, கடல்ல ஒரு படகு விளக்கு இல்லாம வர்றது உங்களுக்கு மட்டும் தெரியுது, என்ன பண்றீங்க?"ன்னு கேளுங்க. எல்லாருக்கும் முன்னாடி முந்திரிக்கொட்டையா பேசறவர் கிட்ட "ஒரு நிமிஷம், அவங்க என்ன பண்றாங்கன்னு பாத்துட்டு உங்க கிட்ட வர்றேன்"னு சொன்னா போதும், சண்டை போட வேண்டியதில்ல. "என் கேரக்டர் அப்படித்தான்"னு சொல்லி குரூப்பை கெடுக்கறவர் வேற ரகம், அவர் கிட்ட ஆட்டத்துக்கு வெளிய தனியா பேசுங்க, கதைக்குள்ள தண்டனை குடுத்து திருத்த பாக்காதீங்க, அது ஒரு நாளும் வேலை செய்யாது.

நேர்ல ஆடறதுக்கு பெருசா எதுவும் வேணாம், பேப்பர், பென்சில், டைஸ், மேப் வேணும்னா கட்டம் போட்ட தாள், மினியேச்சருக்கு பதிலா காசு, பட்டன் எதுவும் சரி. மேப் இல்லாம வாயாலயே சொல்லி ஆடறதும் நல்லாவே போகும், யார் எங்க நிக்கறாங்கன்னு அப்பப்ப திரும்பச் சொன்னா போதும்.

ஆன்லைன்ல தான் பழக்கம் மாறணும். குரலுக்கு டிஸ்கார்டு போதும். மேப், டோக்கன் (மேப்ல கேரக்டரைக் காட்டற வில்லை) எல்லாம் வேணும்னா ரோல்20 பிரவுசர்லயே ஓடும், இலவச அக்கவுண்ட்லயே ஒரு கேம்பெயின் நடத்தலாம். ஃபவுண்ட்ரிங்கற சாஃப்ட்வேரை ஜிஎம் மட்டும் ஒரு தடவை காசு குடுத்து வாங்கினா போதும், பிளேயர்ஸ் பிரவுசர்ல வந்துடலாம், ஆனா நீங்களே ஹோஸ்ட் பண்ணணும், போர்ட் ஃபார்வர்டிங் அது இதுன்னு கொஞ்சம் தலைவலி. சும்மா ஒரு படத்தை போட்டு டோக்கன் நகத்தணும்னா ஆவுல்பேர் ரோடியோ தான் என் சாய்ஸ். டைனமிக் லைட்டிங், அனிமேஷன்னு உக்காந்து மூணு நாள் செட் பண்ணாதீங்க, அந்த ரூமுக்குள்ள அவங்க போகவே மாட்டாங்க.

டேபிள்ல ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா சமாளிக்கலாம், ஹெட்செட்ல ரெண்டுமே கேக்காது. அதனால பொதுவா கேக்காம எப்பவும் பேர் சொல்லி கேளுங்க. ஆட்டத்துக்கு கால் மணி முன்னாடி மைக் செக் பண்ணிடுங்க, ஆட்டத்தை மூணு மணி நேரத்துக்குள்ள வைங்க, நடுவுல ஒரு பிரேக் கட்டாயம், ஸ்கிரீன் முன்னாடி ஆள் சீக்கிரம் சோர்ந்துருவாங்க. ஆன்லைன்ல ஒரு லாபமும் இருக்கு, ரகசியம் சொல்றது. ஒருத்தருக்கு மட்டும் தனி மெசேஜ்ல "மாயன் சட்டைப் பையில கொள்ளைக்காரங்க முத்திரை பாக்கறீங்க"ன்னு அனுப்பிட்டு, அவர் மத்தவங்க கிட்ட சொல்றாரா இல்லையான்னு வேடிக்கை பாக்கலாம். நாலு பேர் ஒரே ரூம்ல, ஒருத்தர் மட்டும் லேப்டாப்லன்னு கலந்து ஆடறது தான் இருக்கறதுலயே கஷ்டம், அந்த ஒருத்தரை எல்லாரும் மறந்துருவாங்க, அதுக்கு எல்லாருமே ஆளுக்கு ஒரு ஹெட்செட்டோட தனித்தனியா உக்காந்துரலாம். நேரமே ஒத்து வரலன்னா எழுத்துலயே ஆடலாம், ஒரு நாளைக்கு ஒரு பதிவு, மெதுவா நகரும், ஆனா ஆடாம இருக்கறதுக்கு இது மேல்.

பிளேயரா வர்றவங்களுக்கு சொல்ல கொஞ்சம் தான் இருக்கு. குரூப்போட சேர்ந்து போக ஒரு காரணம் இருக்கற கேரக்டரா கொண்டு வாங்க, இருட்டு மூலையில யார் கூடவும் பேசாம உக்காந்திருக்கற தனிமைச் சிங்கம் எழுத நல்லா இருக்கும், கூட ஆடறவங்களுக்கு தான் பாரம். உங்க ஷீட்ல இருக்கற திறமை என்ன செய்யும்னு நீங்களே படிச்சு வைங்க. யாராவது ஒருத்தர் பேர், எடம் எல்லாம் குறிச்சு வச்சா அடுத்த வாரம் ஜிஎம் காலில் விழுந்து கும்பிடுவாரு.

முடிக்கும்போது பரபரப்பான எடத்துல நிறுத்துங்க, ஆனா கிளம்பறதுக்கு முன்னாடி "அடுத்த தடவை முதல்ல எங்க போறீங்க?"ன்னு கேட்டு பதில் வாங்கிடுங்க. கொள்ளைக்காரங்க குகைன்னு சொன்னா நீங்க குகைய மட்டும் ரெடி பண்ணா போதும். அடுத்த தேதியையும் அப்பவே, எல்லாரும் எதிர்ல இருக்கும்போதே, முடிவு பண்ணிடுங்க.