மலிவு டயர், 95-ல் நடுங்கிய ஸ்டியரிங்: என் அனுபவம்

டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகும் என்3 சாலையில் காரின் வேகம் மணிக்கு 95 கிலோமீட்டரைத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கும். 115 தாண்டினால் அடங்கும். முன்பக்கம் புது மலிவு டயர்கள். சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமா என்று பார்க்கும் பேலன்ஸ் எந்திரம் சுழியம் காட்டியது, அதாவது குறையில்லை. அலைன்மென்ட்டும் (சக்கரங்களின் கோணம்) சரி.

முன் சக்கரங்களைப் பின்னால் மாற்றியதும் நடுக்கம் இருக்கைக்கு வந்தது. ஆக, குறை சக்கரத்தில்தான். ஜாக்கியில் தூக்கி, ட்ரெட்டுக்கு (டயரில் சாலையைத் தொடும் பகுதி) அருகே ஸ்க்ரூடிரைவரை அசையாமல் நிறுத்திச் சுற்றினேன். ஒரே இடத்தில் இடைவெளி சுமார் 2 மில்லிமீட்டர் குறைந்தது, அதாவது டயரில் அங்கே மேடு. டயர் மாட்டும் உலோக ரிம்மிலும் அதே இடத்தில் லேசான மேடு. பேலன்ஸ் எந்திரம் எடையைத்தான் பார்க்கும், வட்டத்தை அல்ல!

காற்றை இறக்கி, இரண்டு மேடும் ஒன்றுசேராதபடி டயரை ரிம்மில் 180 பாகை திருப்பி மாட்டி, மீண்டும் பேலன்ஸ் செய்ததும் நடுக்கம் போய்விட்டது, அப்பாடா. டயரின் பக்கவாட்டில் உள்ள மஞ்சள் புள்ளி, காற்றடிக்கும் வால்வுக்கு நேரே வராதே என்று கடைக்காரர் தயங்கலாம். அது டயரின் எடை குறைந்த இடத்துக்கான குறி மட்டுமே, துணிந்து திருப்பச் சொல்லுங்கள்.