மருந்து கலக்காமல் உளுந்தைச் சேமிக்கும் முறை

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் சம்பா அறுவடைக்குப் பின் நெல் தரிசில் விளையும் உளுந்தைப் பல குடும்பங்கள் அடுத்த ஐப்பசி மழை தாண்டியும் வீட்டில் வைத்திருக்கின்றன. பயறு வண்டு வயலிலேயே காய்களின் மேல் முட்டையிட்டுவிடுவதால், மூட்டை கட்டிய பிறகு மருந்து தேடுவது காலம் கடந்த வேலை.

ஆகவே முழுக் கவனமும் உலர்த்துவதில் இருக்க வேண்டும். உளுந்தைத் தார்ப்பாயில் மெல்லியதாகப் பரப்பி, அவ்வப்போது கிளறி, ஈரப்பதம் 10 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்வரை வெயிலில் காய வையுங்கள். கடித்தால் நசுங்காமல் படீரென உடைவதே கருவியில்லாதவர்களுக்கான சோதனை. சூடு ஆறியபின் காற்றுப் புகாத டின்னில் விளிம்புவரை நிரப்பி மூடினால், தப்பிய வண்டுகளும் காற்றின்றிப் பெருகமாட்டா. முழு உளுந்தைவிட உடைத்த பருப்பில் இவ்வண்டின் தாக்குதல் குறைவு என்பதால், வீட்டுத் தேவைக்கு உரியதை உடைத்தே வைக்கலாம்.

மாலத்தியான், டெல்டாமெத்ரின் போன்ற பூச்சிமருந்துகள் கிடங்கின் சுவருக்கும் தரைக்கும் உரியவை. உண்ணும் தானியத்தின் மேல் அவற்றைத் தூவக்கூடாது. மாலத்தியான் பெரும்பாலும் தானியத்தின் மேல்தோலிலும் தவிட்டிலும் தங்கும். அரிசியைத் தீட்டினால் அதில் பெரும்பகுதி நீங்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்தத் தவிடு மாட்டுத் தொட்டிக்கல்லவா போகிறது! சிலர் அரிசியில் பிசறும் போரிக் பவுடரும் உணவில் சேர்க்க அனுமதிக்கப்படாத பொருளே.

கிடங்குப் பூச்சிகளைக் கொல்ல வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். காற்றிலுள்ள ஈரம் பட்டதும் அது பாஸ்பீன் என்னும் நச்சு வாயுவாக வெளியேறும். கடலூர், புதுச்சேரி போன்ற கடலோர ஊர்களின் காற்றில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. அந்த வாயுவுக்கு முறிமருந்து கிடையாது. மூடிய அறையில் மூட்டைகளுக்கிடையே ஒரு மாத்திரையை வைத்துவிட்டு அடுத்த அறையில் உறங்குவது உயிரோடு விளையாடுவதாகும். இம்மாத்திரையின் வாயுவால் பூச்சிகளைக் கொல்லும் புகைமூட்டம், பயிற்சி பெற்றவர்கள் கிடங்கில் செய்யும் வேலை. அதன் பின்னரும் தானியத்தைப் போதிய நேரம் காற்றாட விட்டு, எஞ்சிய சாம்பல்நிறப் பொடியை அகற்றிய பிறகே வெளியே எடுக்க வேண்டும்.

எங்கு விளைந்தது, எப்படிச் சேமிக்கப்பட்டது என்று தெரியாமல் கடையில் வாங்கிய உளுந்தை ஊறவைக்கும் முன் மூன்று நான்கு முறை தேய்த்துக் கழுவுங்கள். கழுவுதல் மருந்தின் எச்சத்தை முழுவதுமாக நீக்காது, குறைக்கும். இட்லி மாவு நன்றாகப் பொங்கும் என்று ஊறிய நீரையே விட்டு அரைப்பது நம் வழக்கம். இத்தகைய உளுந்துக்கு அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதிய நீர் சேர்ப்பதே நல்லது. விதைநேர்த்தி செய்து, அதாவது விதைக்கும் முன் மருந்து கலந்து, நிறமேற்றிய விதை மீந்தாலும் அதைக் கழுவிச் சமைக்கவோ, கோழிக்குப் போடவோ கூடாது.