வளவு வீட்டு வளர்ப்பை வாடகை போர்ஷன்ல பண்ணாதீங்க: புள்ளைங்க படிப்புல நாம பண்ற தப்புகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்னு நம்ம செட்டிநாட்டுப் பக்கம் எங்க போனாலும் புள்ளைங்க படிப்பு பத்தி பேச்சு எடுத்தா அது ஒரே எடத்துல வந்து நிக்கும், கண்டிச்சு வளக்குறதா செல்லம் குடுக்குறதா. எங்க காலத்துல அய்யா, அதான் அப்பாவோட அப்பா, செருமினாலே வீடு அடங்கிரும், அப்படித்தான் நாங்கள்லாம் ஆளானோம்னு ஒருத்தர் சொல்வார், இந்தக் காலத்துப் புள்ளைங்ககிட்ட அதெல்லாம் செல்லாதுங்கன்னு இன்னொருத்தர். ரெண்டு பேருமே அந்த வீட்ல வேற யார் யார் இருந்தாங்கங்கிறதை மறந்துட்டுத்தான் பேசுறாங்க.

பழைய வளவு வீடுன்னா முற்றத்தைச் சுத்தி அறைங்க இருக்குற பெரிய கூட்டுக் குடும்ப வீடு, அதுல ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும், தனி அறை, தனி அடுப்பு, ஆனா வளவுங்கிற அந்த முற்றம் எல்லாருக்கும் ஒண்ணுதான். ஆம்பளைங்க பர்மா, மலேயான்னு கொண்டுவிக்க, அதாவது தொழில் பண்ண, போயிட்டா திரும்ப வர வருஷக்கணக்காகும், அதனால அப்பா வீட்ல இல்லாம புள்ள வளர்றது நம்ம ஊருக்குப் புதுசு இல்ல. அய்யாகிட்ட திட்டு வாங்குன பய நேரா பின்னாடி இருக்குற ரெண்டாங்கட்டுக்கு ஓடுவான், அங்க ஒரு ஆச்சி வாயில சீடையப் போட்டு, சரி விடுடா அந்தக் கணக்கை எடுத்துட்டு வாம்பாங்க. கண்டிக்க ஒரு ஆளு, அணைக்க இன்னொரு ஆளுன்னு வேலை தானா பிரிஞ்சு கெடந்துச்சு. இன்னைக்கு காரைக்குடி செக்காலை பக்கம் ஒரு வாடகை போர்ஷன்ல அம்மாவும் ரெண்டு புள்ளைங்களும் மட்டும், அப்பா சிங்கப்பூர்லயோ துபாய்லயோ இருக்கார், அய்யாவோட செருமலை மட்டும் அம்மா எடுத்து வெச்சிருக்காங்க, அப்பத்தாவோட மடி எங்கயோ போயிருச்சு.

இந்தக் கண்டிப்பு, அணைப்பு விஷயத்தைத்தான் டயானா பாம்ரிண்ட்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் 1960கள்ல சின்னப் புள்ளைங்களையும் அவங்க பெத்தவங்களையும் கவனிச்சு எழுதுனாங்க, அப்புறம் 1983ல மெக்கபி, மார்ட்டின்னு ரெண்டு பேர் அதை இன்னும் தெளிவாக்குனாங்க. விஷயம் இவ்ளோதான், கண்டிப்பு தனி அளவு, அன்பும் காது குடுக்குறதும் தனி அளவு, ஒண்ணு ஏறுனா இன்னொண்ணு எறங்கணும்னு கட்டாயம் கெடையாது. ரெண்டும் இருக்குற வீட்டுப் புள்ளைங்கதான் பொதுவா படிப்புலயும் மனசுலயும் நல்லா இருக்காங்க, ரெண்டும் இல்லாம ஏதோ வளருதுன்னு விட்ட வீட்டுப் புள்ளைங்கதான் ரொம்ப பாதிக்கப்படுறாங்க. அமெரிக்காக்காரன் கணக்கு நமக்கு எதுக்குன்னு கேப்பீங்க, கேக்குறதும் நியாயம்தான், 1994ல ரூத் சாவோங்கிறவங்க சீனக் குடும்பங்களை வெச்சு இதே கேள்விய எழுப்பியிருக்காங்க, பாசமும் அக்கறையும் சேந்து வர்ற ஆசியக் கண்டிப்பை வெறும் அதிகாரம்னு படிக்கக் கூடாதுன்னு. ஆனா பாருங்க, அங்கயும் அந்தப் பாசம் புள்ளைக்குத் தெரியுற மாதிரி பக்கத்துல இருக்கணும்.

அதனால முதல் தப்பு, கண்டிப்பு இல்லன்னா செல்லம்னு ஒண்ணை மட்டும் தேர்ந்தெடுக்கிறது. வீட்ல ஆள் கொறைஞ்சிருச்சுன்னா இருக்குற ஒரு ஆளே ரெண்டையும் பண்ணியாகணும், கஷ்டம்தான், ஆனா ஒம்பது மணிக்கு போன் எடுத்து வைக்கணும்னா வைக்கணும், அதுல பேரம் கெடையாது, ஏன் வைக்கணும்னு அவன் கேட்டா மட்டும் வாய மூடுன்னு சொல்லாம பதில் சொல்லுங்க, அவ்ளோதான் ஆரம்பம்.

அடுத்தது வீடியோ கால். ராத்திரி எட்டரைக்கு போன் வரும், அங்க சிங்கப்பூர்ல மணி பதினொண்ணு, மனுஷன் ஷிஃப்ட் முடிச்சு பங்க் பெட்ல சாஞ்சிருப்பார், கண்ணு சொருகும். சாப்டியா, படிச்சியா, டெஸ்ட்ல எவ்ளோ. பய ம், ம், அறுவத்தி ரெண்டுன்னு சொல்லிட்டு போனை அம்மா கையில திணிச்சிட்டு ஓடிருவான், அதுக்கப்புறம் அம்மா அந்த அறுவத்தி ரெண்டுக்கு விளக்கம் குடுக்கணும். அப்பாவைக் குத்தம் சொல்லல, புள்ள எதிர்காலத்துக்குத்தான் அங்க கெடக்குறார், ஆனா வருஷம் பூரா மார்க் மட்டுமே பேசுனா அப்பான்னா பரிச்சை ரிசல்ட் பாக்குற ஆளுன்னு ஆயிரும். முந்தின நாள் அவன் சொன்னதுல ஒண்ணை ஞாபகம் வெச்சுக் கேளுங்க, சைக்கிள் செயின் கழண்டுச்சுன்னியே மாட்டியாச்சா, அந்தப் பூனை குட்டி போட்டுச்சான்னு. அஞ்சு நிமிஷம் போதும். அம்மாக்களுக்கும் ஒண்ணு, இரு அப்பாகிட்ட சொல்றேன்னு பகல் முழுக்க மெரட்டிட்டு ராத்திரி அதே அப்பாகிட்ட ஆசையா பேசுடான்னா அவன் எப்படிப் பேசுவான்?

ஆயா வீடு, அதாவது அம்மாவோட அம்மா வீடு, அப்பத்தா வீடு பிரச்சனைய சீக்கிரம் சொல்லிடுறேன். பெரியவங்க செல்லம் குடுக்கட்டும், அது அவங்க உரிமை, அதுல புள்ள கெடாது. கெடுறது எதுலன்னா, அம்மா வேணாம்னு சொன்னதை அதே நிமிஷம் அதே எடத்துல பெரியவங்க குடுத்துட்டு ஒங்கம்மா கெடக்குறான்னு சொல்றதுல. தூக்கம், போன், ஸ்கூல் இந்த மூணுல மட்டும் எல்லார் பேச்சும் ஒண்ணா இருக்கட்டும்னு அவங்ககிட்ட புள்ள இல்லாத நேரமா பாத்துப் பேசுங்க, முறுக்கு எத்தனை தின்னான்னு எண்ணாதீங்க.

இப்ப பணம். இதை யாரும் படிப்போட சேத்துப் பேசுறதில்ல, எனக்கு இதுதான் பெருசாப் படுது. 2013ல சயின்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, எங்கயோ இல்ல, நம்ம விழுப்புரம், திருவண்ணாமலை பக்கத்துக் கரும்பு விவசாயிங்களை வெச்சு. கரும்புல வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தமாத்தான் காசு வரும், அறுவடைக்கு முன்னாடி கையில ஒண்ணும் இருக்காது, அடகு, கடன்னு ஓடும். அதே ஆளுங்களுக்கு அறுவடைக்கு முன்னாடி ஒரு தடவையும் பின்னாடி ஒரு தடவையும் யோசிக்கிற டெஸ்ட் வெச்சா, பணமுடை இருந்தப்ப தெளிவாக் கொறைவா வந்துச்சு. ஆளு மாறல, மூளையும் மாறல, தலைக்குள்ள கவலை எடத்தை அடைச்சிக்கிட்டு இருந்துச்சு.

இதை நம்ம வீட்டுக்குத் திருப்பிப் பாருங்க. ஜூன் மாசம் ஃபீஸ் கட்ட நகை பேங்குக்குப் போகுது, ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில மழை வந்தா கல்லு காயாது, வேலை தள்ளிப் போகும், தீவாளிக்கு ஒரு மாசம் முன்னாடி பலகார ஆர்டர் எடுக்குற வீட்ல அடுப்பு அணையாது, அம்மா முறுக்கு சுத்திக்கிட்டே தூங்கி விழுவாங்க. அந்த நேரத்துல அம்மா எரிஞ்சு விழுறதுக்குக் காரணம் புள்ள இல்ல, ஆனா விழுறது புள்ள மேலதான். புள்ள மார்க் எறங்குனா ஒடனே கவனமில்ல, திமிருன்னு முடிவு கட்டிடுறோம், வீட்ல அந்த மாசம் என்ன ஓடிச்சுன்னு பாக்குறதே இல்ல. இதுலயே பெரிய தப்பு ஒண்ணு இருக்கு, ஒனக்காகத்தான்டா தாலிக்கொடியையே அடகு வெச்சேன்னு தெனம் சொல்றது. வீட்டுக் கஷ்டம் புள்ளைக்குத் தெரியட்டும், தப்பே இல்ல, இந்த மாசம் கை கடிக்குது டூர் அடுத்த வருஷம் பாப்போம்னு ஒரு தடவை நேரா சொல்லுங்க. தெனமும் சொன்னா அது தகவல் இல்ல, பன்னெண்டு வயசுப் பய தலையில ஏத்துன கடன், அவன் புக்கைத் தொறக்குறப்பல்லாம் அந்தக் கொடிதான் கண்ணுல தெரியும்.

கடைல ஒக்காந்தா படிப்பு கெட்டுரும்னு ஒரு பயம் வேற. பள்ளிக்கூடத்தை நிறுத்தி ஒக்கார வைக்கிறது வேற கதை, அது கூடவே கூடாது, நான் சொல்றது சாயங்காலம் அரை மணி நேரம் அப்பா கூட கல்லாவுல நிக்கிறதை. 2025ல நேச்சர் இதழ்ல வந்த ஆய்வுல கொல்கத்தா, டெல்லி சந்தையில வேலை பாக்குற புள்ளைங்க சிக்கலான கணக்கை மனசுலயே போட்டுடுறாங்க, அதையே பாடப்புத்தகக் கணக்கா எழுதிக் குடுத்தா தடுமாறுறாங்கன்னு வந்துச்சு. வட்டிக்கணக்குல பேர் எடுத்த ஊர்ல இதைச் சொல்லணுமா என்ன, நோட்டுல தனிவட்டி வரலன்னா மக்குன்னு திட்டாம நம்ம நகைக்கடன் சீட்டைக் காட்டி மாசம் எவ்ளோ வருதுன்னு போடச் சொல்லுங்க.

அறுபதாம் கல்யாணச் சாந்தி, கல்யாணம், கோயில் விசேஷம்னு எல்லாரும் ஒண்ணு கூடுற எடத்துல பந்தியில வெச்சு எத்தனை மார்க்குன்னு கேக்குறது நம்ம ஊர் வியாதி. கேக்குறவங்களை நிறுத்த முடியாது, ஆனா நீங்க பதில் சொல்ற விதம் ஒங்க கையில இருக்கு, அவன் எங்கங்க படிக்கிறான், அவங்க பெரியப்பா மகனைப் பாருங்கன்னு எடுத்துக் குடுக்காதீங்க. பாராட்டுறதுலயும் இப்படி ஒரு குழி உண்டு. 1998ல முல்லர், ட்வெக்னு ரெண்டு பேர் அஞ்சாவது படிக்கிற புள்ளைங்களை வெச்சு பாத்தாங்க, நீ புத்திசாலின்னு பாராட்டு வாங்குன புள்ளைங்க அடுத்து சுலபமான கணக்கா தேடுச்சு, நல்லா முயற்சி பண்ணேன்னு கேட்ட புள்ளைங்க கஷ்டமானதைக் கையில எடுத்துச்சு, தன் மார்க்கைக் கூட்டிச் சொன்ன புள்ளைங்களும் புத்திசாலி பக்கம்தான் அதிகம்.

அடி பத்தி ரெண்டு வரி. கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிருங்க சார்னு டீச்சர்கிட்ட சொல்றதை இன்னும் பெருமையா சொல்றாங்க, 2009 கல்வி உரிமைச் சட்டம் 17ம் பிரிவுல பள்ளிக்கூடத்துல அடிக்கிறதும் மனசைப் புண்படுத்துறதும் தடைன்னு எழுதியாச்சு, நீங்க அனுமதி குடுத்தாலும் செல்லாது. தூக்கத்தையும் திருடாதீங்க, 6லருந்து 12 வயசுக்கு 9 மணி நேரமாவது, அதுக்கு மேல 18 வரைக்கும் 8 மணி நேரமாவது வேணும், ராத்திரி பதினொண்ணு வரைக்கும் ட்யூஷன் நோட்டு எழுதிட்டு காலைல நாலு மணிக்கு எழுப்புனா படிச்சது தலைல தங்காது.

கடைசியா, எல்லாத்தையும் படிப்புப் பிரச்சனைன்னே பாக்காதீங்க. காலைல ஸ்கூல் கெளம்புறப்ப மட்டும் வயித்து வலி, வெளையாடப் போறதை நிறுத்திட்டான், சோறு எறங்கல, ராத்திரி தூங்கலன்னு வாரக்கணக்கா இருந்தா திருநீறு போட்டு மந்திரிச்சுக்கோங்க வேணாம்னு சொல்லல, அதோட நிறுத்தாம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. மனசு சம்பந்தமா பேச 14416ல டெலிமானஸ்னு அரசாங்க ஹெல்ப்லைன் இருக்கு, தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது. புள்ளைய யாராவது தொந்தரவு பண்றாங்கன்னு சந்தேகம் வந்தா 1098, அது குழந்தைங்களுக்கான உதவி எண், அந்த நம்பரை புள்ளைக்கும் மனப்பாடம் பண்ணிக் குடுத்துருங்க.