பெயர் மாற்றம் அரசிதழில் வந்தாயிற்றா? இனி ஆதார், பான், பாஸ்போர்ட்டில் மாற்றுவது எப்படி?

என் சித்தி மகளுக்குப் பிறந்தபோது வைத்த பெயர் போதும்பொண்ணு. மூன்றாவதும் பெண் என்பதால் அப்படி வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போதெல்லாம் வகுப்பே சிரிக்கும். 26 வயதில், முதல் வேலை கிடைத்த கையோடு, தனக்குத் தானே தமிழரசி என்று பெயர் வைத்துக்கொண்டாள். அரசு அறிவிப்புகள் வெளியாகும் கெசட்டிலும், அதாவது அரசிதழிலும், வந்துவிட்டது. எல்லாம் முடிந்தது என்று வீட்டில் பாயசம் வைத்தோம். உண்மையில் வேலையே அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

அவளோடு ஒவ்வொரு அலுவலகமாக அலைந்ததில் ஒன்று தெளிவாகப் புரிந்தது. பெயரை மாற்றுவது கடினமில்லை. ஒரே பெயரை, ஒரே எழுத்துக்கூட்டலில், சரியான வரிசையில் எல்லா ஆவணங்களிலும் கொண்டுவருவதுதான் கடினம். தமிழ்நாட்டில் முதல்முறையாக இதைச் செய்யப் போகிறவர்களுக்காக, படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: விண்ணப்பத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாள்

எந்தப் படிவத்தையும் தொடாதீர்கள். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து உங்கள் புதிய பெயரைத் தமிழில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் சிக்கல்கள் தலைகாட்டும். சாந்தி என்றால் 'எச்' சேர்ப்பதா, வேண்டாமா? தமிழரசி என்றால் ழகரத்துக்கு 'இசட் எச்' போடுவதா, வெறும் 'எல்' போதுமா? கடைசியில் 'ஐ' ஒன்றா, இரண்டா? இதில் எது சரி, எது தப்பு என்று இல்லை. ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் கடைசிவரை அதுதான்.

அடுத்தது இனிஷியல். நமக்கு இனிஷியல் என்பது பெயருக்கு முன்னால் வரும் ஒரு எழுத்து, அவ்வளவுதான். பான் விண்ணப்பமும் பாஸ்போர்ட்டும் அப்படிப் பார்ப்பதில்லை. பான் படிவத்தில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் ஒற்றை எழுத்து போட முடியாது; விரித்து எழுத வேண்டும். பாஸ்போர்ட்டில் சொந்தப் பெயர் ஒரு கட்டம், சர்நேம் இன்னொரு கட்டம். நம்மவர்கள் பலர் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். சட்டப்படி தப்பில்லை. ஆனால் 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தபோது எத்தனையோ தமிழர்கள் தவித்துப்போனார்கள். அதனால் அப்பா பெயரையோ அம்மா பெயரையோ விரித்து இரண்டாவது பெயராக வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. அதையும் அந்த வெள்ளைத்தாளிலேயே முடிவு செய்யுங்கள்.

அந்தத் தாளைப் போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். இனி எந்தக் கவுண்டரில் யார் கேட்டாலும் வாயால் சொல்லாமல் அதைக் காட்டுங்கள்.

படி 2: அரசிதழ்

தமிழ்நாட்டில் பெயர் மாற்ற அறிவிப்பை வெளியிடுவது எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை. தலைமை அலுவலகம் சென்னை அண்ணா சாலையில் இருக்கிறது. படிவமும் அன்றைய கட்டண விவரமும் அந்தத் துறையின் இணையதளத்திலேயே கிடைக்கும். 18 வயது நிறைந்தவர்கள் தாங்களே விண்ணப்பிக்கலாம். குழந்தைகளுக்குப் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும். போட்டோவில் சான்றொப்பம், பிறந்த தேதிக்குச் சான்று, முகவரிச் சான்று ஆகியவை முக்கியம். அரசு ஊழியராக இருந்தால் முதலில் உங்கள் அலுவலகத்தில் நடைமுறையைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

அறிவிப்பு ஒரே ஒரு வாக்கியம்தான். பழைய பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி, சொந்த மாவட்டம், முகவரி, கடைசியில் 'இனி இன்ன பெயரால் அழைக்கப்படுவேன்'. அந்த ஒரு வாக்கியத்தில் உள்ள ஒவ்வொரு எழுத்தும் இனி உங்களோடு வரும். பழைய பெயரை எழுதும்போது உங்கள் ஆதாரிலும் பள்ளிச் சான்றிதழிலும் உள்ள பழைய பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வேறு வேறாக இருந்தால், இரண்டும் ஒருவரே என்று இந்த அறிவிப்பே சொல்லும்படி எழுத முடியுமா என்று விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள். பின்னால் வரும் பாதித் தலைவலி இதிலேயே தீரும்.

வெளியான அரசிதழ்ப் பக்கம் கைக்கு வந்ததும் முதல் வேலை, வெள்ளைத்தாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. அச்சுப்பிழை இருந்தால் அன்றைக்கே துறைக்கு எழுதுங்கள். பிழையான பக்கத்தை வைத்துக்கொண்டு ஆதார் மையத்துக்குப் போகவே போகாதீர்கள்.

எல்லோருக்கும் அரசிதழ் தேவையில்லை. திருமணத்துக்குப் பின் கணவர் பெயரைச் சேர்ப்பதற்குத் திருமணப் பதிவுச் சான்றிதழே பெரும்பாலான இடங்களில் போதும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம் என்பதால் அந்தச் சான்றிதழ் கையில் இருக்கும். இதை அழுத்திச் சொல்ல வேண்டும்: திருமணமானால் பெயரையோ இனிஷியலையோ மாற்றியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டுக்கும் அது தேவையில்லை. உங்களுக்கு விருப்பம் இருந்தால் மட்டும் மாற்றுங்கள். திருநர் சமூகத்தினர், 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆட்சியர் வழங்கும் அடையாளச் சான்றிதழ் வைத்திருந்தால், அதையே அடிப்படை ஆவணமாகக் காட்டலாம்.

படி 3: ஆதார்தான் முதல்

அரசிதழுக்கு அடுத்து ஆதார். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பான், வங்கி, சிம் கார்டு என்று மற்ற எல்லாமே ஆதாரைப் பார்த்துத்தான் பெயரைச் சரிபார்க்கின்றன. ஆதாரில் வாழ்நாளில் 2 முறைதான் பெயரைத் திருத்தலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும். அதைத் தாண்டினால் மண்டல அலுவலகம் வரை போய்க் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

முழுப் பெயரும் மாறுகிறது என்றால் அரசிதழ்ப் பக்கத்தோடு, பழைய பெயரில் உள்ள போட்டோ ஒட்டிய ஓர் அடையாள அட்டையும் தேவை. அசலையே எடுத்துச் செல்லுங்கள். ஆதார் சேவை மையம், சில அஞ்சலகங்கள், வங்கிக் கிளைகள், இ-சேவை மையங்களில் இந்த வேலை நடக்கிறது. சந்தேகம் இருந்தால் 1947-க்கு அழைக்கலாம்; தமிழிலும் பேசுவார்கள்.

இங்கேதான் தமிழரசி தடுமாறினாள். மையத்தில் உங்களைப் பார்த்தபடி இன்னொரு திரை இருக்கும். ஊழியர் ஆங்கிலத்தில் பெயரைத் தட்டச்சு செய்யச் செய்ய, பக்கத்திலேயே தமிழில் தானாக வந்து விழும். எழுத்துக்கூட்டலை வைத்து மென்பொருள் ஊகிப்பதுதான் அது. ழகரம் லகரமாகும், ணகரம் னகரமாகும். அன்றைக்குக் கூட்டம். அவள் பெயரை வாயால் சொன்னாள். ஊழியர் 'எல்' போட்டு அடித்தார். திரையில் 'தமிலரசி' என்று வந்திருக்கிறது. கைரேகை வைத்துவிட்டு, ரசீதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டில் வந்து பிரித்தபோதுதான் பார்த்தோம். அதைச் சரிசெய்ய இரண்டாவது வாய்ப்பும் போயிற்று.

அதனால் மூன்று இடங்களில் நின்று பாருங்கள். தட்டச்சு முடிந்ததும் திரையில் ஆங்கிலப் பெயர். அதன் பக்கத்தில் தமிழ்ப் பெயர். தப்பாக இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள், திருத்த முடியும். பிறகு, ரசீதைக் கையில் வாங்கியதும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் இன்னொரு முறை. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

ரசீதில் உள்ள எண்ணை வைத்து நிலவரத்தை இணையத்தில் பார்க்கலாம். மாறிவிட்டது என்று வந்ததும் ஆதாரின் மின்னணுக் கோப்பான இ-ஆதாரைப் பதிவிறக்குங்கள். ஒரு சின்ன விஷயம், பலரும் இதில் திணறுகிறார்கள்: அந்தக் கோப்பின் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும். பெயர் மாறியதால் கடவுச்சொல்லும் மாறியிருக்கும். பழைய பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டு 'திறக்கவில்லை' என்று பயப்படாதீர்கள். ஆதார் எண் அதேதான், அது மாறாது.

படி 4: பான்

ஆதாரில் புதிய பெயர் வந்தபின்தான் பானுக்குப் போக வேண்டும். புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, புதிய பெயரில் புதிய பான் கார்டுக்கு விண்ணப்பித்துவிடுவது. ஒருவர் 2 பான் வைத்திருந்தால் 10,000 ரூபாய் அபராதம் வரை போகும். நமக்குத் தேவை பான் விவரங்களில் திருத்தம் கோரும் படிவம். பான் விண்ணப்பங்களை வாங்கும் நிறுவனங்களான புரோட்டியன் அல்லது யூடிஐஐடிஎஸ்எல் இணையதளத்தில் இருக்கிறது.

அந்தப் படிவத்தில் ஒவ்வொரு வரிக்கும் இடது ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். எதை மாற்ற வேண்டுமோ அந்த வரியின் கட்டத்தில் மட்டும் டிக் போட வேண்டும். பெயரை மட்டும் எழுதிவிட்டு டிக் போடாமல் விட்டால் பெயர் மாறாது. அட்டையில் பெயர் எப்படி அச்சாக வேண்டும் என்று தனியாகக் கேட்பார்கள். வெள்ளைத்தாளில் உள்ளபடி எழுதுங்கள். தந்தை பெயர் கேட்கும் இடத்தில் திருமணமான பெண்களும் தந்தை பெயரைத்தான் எழுத வேண்டும், கணவர் பெயரை அல்ல.

ஆதார் வழியாகக் காகிதமில்லாமல் விண்ணப்பித்தால் இரண்டிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். தமிழரசியின் முதல் பான் விண்ணப்பம் திரும்பி வந்தது இதனால்தான்: படிவத்தில் 'இசட் எச்', ஆதாரில் அப்போது இன்னும் திருத்தாத 'எல்'. பான் எண்ணின் ஐந்தாவது எழுத்து, எண் வழங்கியபோது இருந்த கடைசிப் பெயரின் முதல் எழுத்து. பெயர் மாறினாலும் எண் மாறாது. புதுப் பெயருக்கு அந்த எழுத்து பொருந்தவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

படி 5: வங்கி, வாக்காளர் அட்டை, மற்றவை

ஆதாரும் பானும் கையில் இருந்தால் வங்கி வேலை ஒரு மணி நேரத்தில் முடியும். அரசிதழ் நகல், இரண்டு அட்டைகள், ஒரு கடிதம் போதும். புதிய கையெழுத்தை அங்கேயே பதியுங்கள். பழைய பெயரில் வந்த காசோலை ஏதும் கையில் இருந்தால் அதை முதலில் போட்டுவிட்டுப் பெயரை மாற்றுங்கள். வேலையில் இருப்பவர்கள் அலுவலகத்தில் சொல்லி வருங்கால வைப்பு நிதிக் கணக்கிலும் மாற்றச் சொல்லுங்கள். பணம் எடுக்கும் நாளில் பெயர் ஒத்துப்போகவில்லை என்று தெரிய வந்தால் அந்த அவஸ்தை சொல்லி மாளாது.

வாக்காளர் அட்டைக்குப் படிவம் 8. கட்டணம் கிடையாது. இணையத்திலும் போடலாம், வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமும் கொடுக்கலாம்; உதவிக்கு 1950. குடும்ப அட்டைக்குப் பொது வினியோகத் திட்ட இணையதளமோ வட்ட வழங்கல் அலுவலகமோ. ஓட்டுநர் உரிமத்துக்கும் வண்டியின் ஆர்.சி.க்கும் போக்குவரத்துச் சேவைகளுக்கான அரசின் பரிவாகன் தளத்தில் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது.

படி 6: பாஸ்போர்ட்

உடனடிப் பயணம் இல்லாதவர்கள் இதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் திருத்தம் என்று ஒன்று கிடையாது, மறுவெளியீடுதான். புதிய புத்தகம், புதிய எண். விண்ணப்பத்தில் காரணம் கேட்கும்போது தனிப்பட்ட விவரங்களில் மாற்றம் என்பதைத் தேர்ந்தெடுத்து, பெயர் என்று குறிப்பிட வேண்டும். 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரண முறையில் 1,500 ரூபாய். சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நான்கு ஊர்களில் மண்டல அலுவலகங்கள் இருக்கின்றன. நேர்முகத்துக்குப் போகும்போது பழைய பாஸ்போர்ட், அரசிதழ் அசல், புதிய ஆதார் மூன்றும் இருக்கட்டும். காவல்துறை சரிபார்ப்புக்கு வருபவர் பக்கத்து வீட்டில் விசாரித்தால், அவர்களுக்கு உங்கள் புதிய பெயர் தெரிந்திருக்க வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பழைய பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் விசா இருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே அந்த நாட்டுத் தூதரகத்திடம் கேளுங்கள். புதிய புத்தகம் கைக்கு வரும்வரை விமான டிக்கெட் எடுக்காதீர்கள்.

பழைய பெயர் போகாத இடங்கள்

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டச் சான்றிதழ்கள் படித்த காலத்துப் பெயரிலேயே இருக்கும். அவற்றோடு அரசிதழ் நகலைச் சேர்த்துக் காட்டுவதுதான் வழக்கம். அதனால் பழைய பெயரில் உள்ள எதையும் கிழித்துப் போடாதீர்கள். தமிழரசிக்கு அந்தப் பெயரைப் பார்க்கவே பிடிக்காது. ஆனாலும் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் பட்டச் சான்றிதழும் அரசிதழ்ப் பக்கமும் முதுகோடு முதுகாக இருக்கின்றன. நேர்முகத் தேர்வுக்கு அதைத்தான் எடுத்துப் போகிறாள்.

உங்கள் ஆவணங்களை முடித்தபின், மற்றவர்களின் ஆவணங்களில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று பாருங்கள். கணவர் அல்லது மனைவியின் காப்பீட்டில் நாமினி, பிள்ளைகளின் பள்ளிப் பதிவேட்டில் தாய் பெயர், பெற்றோரின் வைப்புத்தொகை. சித்தியின் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் நாமினியாகப் போதும்பொண்ணுதான் இருந்தாள். போன மாதம் சித்தியே அஞ்சலகத்துக்குப் போய், படிவம் வாங்கி, தமிழரசி என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.