வான்கோழி முட்டையை ஒரு வாரம் முன்னால் வையுங்கள்

ஒரே அடைக்கோழியின் கீழ் வான்கோழி முட்டையும் நாட்டுக்கோழி முட்டையும் வைப்பதாக இருந்தால், வான்கோழி முட்டையை முதலில் வையுங்கள். சரியாக 7 நாள் கழித்து, இருட்டிய பிறகு, கோழி முட்டையை மெதுவாக அடியில் தள்ளிவிடுங்கள்.

கோழி முட்டை பொரிய 21 நாள், வான்கோழி முட்டைக்கு 28 நாள். நாட்டு வாத்துக்கும் 28தான். எல்லாவற்றையும் ஒரே நாளில் வைத்தால் கோழிக்குஞ்சுகள் முந்திக்கொள்ளும். அவற்றின் கீச்சுக் குரல் கேட்டதும் தாய் ஓரிரு நாளில் கூட்டிக்கொண்டு மேயக் கிளம்பிவிடும். மிச்ச முட்டை குளிர்ந்து, உள்ளே முக்கால்வாசி வளர்ந்த குஞ்சு செத்துப்போகும். அதை உடைத்துப் பார்த்தால் மனசு தாங்காது.

வைத்த தேதியை முட்டை மேலேயே பென்சிலால் எழுதிவிடுங்கள். மை வேண்டாம், ஓட்டின் நுண்துளை வழியே உள்ளே இறங்கக்கூடும். அப்புறம், வான்கோழி முட்டை பெரிது. 4 வைத்தால் கோழி முட்டை 5 போதும், இறக்கைக்கு வெளியே எதுவும் தெரியக்கூடாது.

முதல் தடவை அடை உட்காரும் கோழியிடம் இதைச் செய்ய வேண்டாம், பாதியில் எழுந்துவிடலாம். மணிலா வாத்து முட்டைக்கும் சரிவராது. அதற்கு 35 நாள் ஆகும். அந்த வாத்தே நன்றாக அடை காக்கும், அதனிடமே விட்டுவிடுங்கள்.