இங்கிலாந்து மாணவர் விசா கிடைக்குமா? முதலில் பாஸ்புக்கைப் பாருங்கள்

கன்சல்டன்சியில் பணம் கட்டும் முன் வங்கி ஸ்டேட்மெண்ட்டை எடுத்து, தொடர்ச்சியாக 28 நாட்களில் இருப்பு மிகக் குறைவாக இருந்த நாளைக் கண்டுபிடியுங்கள். கட்ட வேண்டிய முதல் வருடக் கட்டண பாக்கியும் 9 மாதம் வரையிலான தங்கும் செலவும் அந்தத் தொகைக்குள் அடங்கினால் பணப் பக்கம் சரி.

சராசரி இருப்பை விசா அதிகாரிகள் பார்ப்பதில்லை, ஒரே ஒரு நாள் குறைந்தாலும் கணக்கு முதலிலிருந்துதான், அந்த 28 நாள் முடிந்து 31 நாளுக்குள் விண்ணப்பமும் போட்டாக வேண்டும். அதனால் செப்டம்பர் படிப்புக்குப் போகும் கிருஷ்ணகிரிப் பிள்ளைகள், மாங்காய் விற்ற பணம் வந்ததுமே போட்டுவிட்டு அதைத் தொடாமல் இருப்பது நல்லது. இன்னொன்று, சித்தப்பா, தாய்மாமா கணக்கில் எவ்வளவு இருந்தாலும், அவர் சட்டப்படி உங்கள் பாதுகாவலராக இல்லாவிட்டால் செல்லாது. உங்கள் கணக்கு, இல்லையென்றால் அப்பா அம்மா கணக்கு (பிறப்புச் சான்றிதழும் அவர்கள் சம்மதக் கடிதமும் வேண்டும்).

வங்கிக் கல்விக்கடன் உங்கள் பெயரில் முழுத்தொகைக்கும் அனுமதியாகியிருந்தால் இந்த 28 நாள் கணக்கு தேவையில்லை. ஜெர்மனி, அமெரிக்காவுக்கும் இது பொருந்தாது, அங்கே முறையே வேறு.